தட்டில் தெரியும் வட்டம்: பேஜ் டிஎன்ஏவை பாக்டீரியாவுக்குள் செலுத்தும் முறை

ஈ. கோலை பாக்டீரியாவுக்குள் ஒரு வைரஸின் டிஎன்ஏவை முதன்முறையாகச் செலுத்தப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். செய்முறை எளிது. ஐஸ், கால்சியம் குளோரைடு, 42 டிகிரி வாட்டர் பாத், ஒரு இரவு இன்குபேட்டர் இருந்தால் போதும். சிக்கல் மறுநாள் காலையில்தான் தொடங்கும். தட்டில் வைரஸ் பரவிய இடங்களில் பிளேக் எனப்படும் வட்டங்கள் வந்திருக்கும். அவை நீங்கள் கொடுத்த டிஎன்ஏவால் வந்தவையா, எங்கிருந்தோ ஒட்டிக்கொண்டு வந்த பேஜ் வைரஸால் வந்தவையா என்று வட்டத்தைப் பார்த்து மட்டும் சொல்ல முடியாது. அதனால் இந்தக் கட்டுரையில் செய்முறைக்குக் கொடுக்கும் அதே இடத்தை, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கென்று வைக்கும் கட்டுப்பாட்டுத் தட்டுகளுக்கும் கொடுத்திருக்கிறேன்.

நடப்பது என்ன?

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸுக்கு பாக்டீரியோபேஜ் என்று பெயர். ஆய்வகத்தில் சுருக்கமாக பேஜ். இயல்பான தொற்றில் பேஜ் தனக்குரிய ஏற்பியைத் தேடி பாக்டீரியாவின் மேல் ஒட்டிக்கொண்டு, தன் மரபுப்பொருளை உள்ளே அனுப்பும். உள்ளே போவது பெரும்பாலும் டிஎன்ஏதான், புரத உறை வெளியிலேயே தங்கிவிடுகிறது என்பதை 1952ல் ஹெர்ஷியும் சேஸும் கதிரியக்கக் குறியீட்டைக் கொண்டு காட்டினார்கள்.

நாம் செய்யப்போவதில் புரத உறையே கிடையாது. வெறும் டிஎன்ஏவை மட்டும் செல்லுக்குக் கொடுக்கிறோம். வாசலில் அனுமதி கேட்காமல் கூரையைப் பிரித்துக்கொண்டு இறங்குவது போன்றது இது. டிஎன்ஏவுக்கு எதிர்மின்னூட்டம். பாக்டீரியாவின் வெளிப்பரப்புக்கும் எதிர்மின்னூட்டம். ஒன்றை ஒன்று தள்ளும். குளிர்ந்த கால்சியம் கரைசல் இந்த விலகலைத் தணித்து டிஎன்ஏவைச் செல்லின் மேல் ஒட்டச் செய்கிறது. பிறகு கொடுக்கும் சிறு சூடு அதை உள்ளே கொண்டுசேர்க்கிறது. இப்படித் தயார்செய்த செல்களைத்தான் கம்பீட்டன்ட் செல்கள் என்கிறோம்.

இன்று பல ஆய்வகங்களில் பிளாஸ்மிடை, அதாவது பாக்டீரியாவில் தனியாக இருக்கும் சிறு வட்ட டிஎன்ஏவை, செலுத்த இதே கால்சியம் முறையைப் பயன்படுத்துகிறார்கள். ஆனால் இந்த முறை பிறந்தது வைரஸ் டிஎன்ஏவுக்காக. 1970ல் மார்ட்டன் மாண்டெலும் அகிகோ ஹிகாவும் பி2, லாம்டா ஆகிய பேஜ்களின் டிஎன்ஏவை கால்சியத்தின் துணையோடு ஈ. கோலைக்குள் செலுத்திக் காட்டினார்கள். கோஹென், சாங், ஹ்சு மூவரும் அதைப் பிளாஸ்மிடுக்குப் பொருத்தியது 1972ல். டிரான்ஸ்ஃபெக்ஷன் என்ற சொல்லும் இங்கேதான் பிறந்தது: டிரான்ஸ்ஃபர்மேஷனையும் இன்ஃபெக்ஷனையும் இணைத்த சொல் அது. இன்று விலங்குச் செல்களில் வேலை செய்பவர்கள் அதைத் தங்கள் சொல்லாகவே ஆக்கிக்கொண்டார்கள்; பேஜ் டிஎன்ஏவை பாக்டீரியாவுக்குள் செலுத்துவதுதான் அதன் முதல் பொருள்.

எந்த பேஜில் தொடங்குவது?

தயங்காமல் எம்13ல் தொடங்குங்கள். அதிலும் எம்13எம்பி18 என்ற மாற்றியமைக்கப்பட்ட வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இதைப் பரிந்துரைக்கக் காரணங்கள் உண்டு.

இதன் மரபணுத்தொகுதி சிறியது, 7,249 நியூக்ளியோடைடுகள். பேஜ் துகளுக்குள் ஒற்றை இழையாக இருக்கும் டிஎன்ஏ, பாக்டீரியாவுக்குள் போனதும் இரட்டை இழை வட்டமாக மாறுகிறது. இந்த இரட்டை வடிவத்தை ஆர்.எஃப். டிஎன்ஏ என்பார்கள். பிளாஸ்மிடைப் பிரித்தெடுக்கும் அதே மினிபிரெப் முறையில் இதையும் எடுக்கலாம், விற்பனைக்கும் கிடைக்கிறது. வட்டமாக இருப்பது பெரிய வசதி. நேர்கோட்டு டிஎன்ஏ உள்ளே போனால் பாக்டீரியாவின் ரெக்பிசிடி நொதி முனையிலிருந்து கடித்துத் தின்னத் தொடங்கிவிடும். வட்டத்துக்கு முனையே இல்லை. ஒற்றை இழை டிஎன்ஏவையும் செலுத்தலாம், ஆனால் கிடைக்கும் பிளேக்குகள் மிகக் குறைவு. முதல் முயற்சிக்கு ஆர்.எஃப். வடிவமே சரி.

இன்னொரு காரணம் நிறம். எம்13எம்பி18ல் லாக்இசட் மரபணுவின் ஒரு துண்டு வைக்கப்பட்டிருக்கிறது. மீதித் துண்டை வைத்திருக்கும் பாக்டீரியாவுக்குள் அது போனால் இரண்டும் சேர்ந்து பீட்டா-கேலக்டோசிடேஸ் நொதி உருவாகும். தட்டின் அகர் கூழில், இந்த நொதி பட்டால் நீலம் தரும் எக்ஸ்-கால் என்ற பொருள் இருந்தால் பிளேக் நீலமாகும். ஆய்வகத்தில் திரியும் சாதாரண பேஜ்கள் நீலப் பிளேக் தருவதில்லை. ஆகவே முதல் சந்தேகத்தை நிறமே தீர்த்துவிடும்.

எம்13 தன் பாக்டீரியாவைக் கொல்வதில்லை. செல் வளர்ந்துகொண்டே பேஜைக் கசியவிடுகிறது. வளர்ச்சி மட்டும் மெதுவாகிறது. அதனால் பிளேக் கண்ணாடி போலத் தெளிவாக இருக்காது, மங்கலாக இருக்கும். இதைத் தெரிந்துகொள்ளாமல் போய், வந்த பிளேக்கைப் பார்க்காமலே தட்டைத் தூக்கிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

பாக்டீரியாவைத் தேர்ந்தெடுப்பது

இரண்டு வேலைகளுக்கு பாக்டீரியா தேவை. டிஎன்ஏவை வாங்கிக்கொள்ளும் கம்பீட்டன்ட் செல்கள் ஒன்று. தட்டு முழுக்கப் பரவி வளர்ந்து பிளேக்கைக் காட்டும் படலச் செல்கள் மற்றொன்று. இந்தப் படலத்தை லான் என்பார்கள். புதியவர்கள் குழம்புவது இங்கேதான்.

எம்13 இயல்பாகத் தொற்ற வேண்டுமானால் பாக்டீரியாவில் எஃப் என்ற டிஎன்ஏ பகுதி உண்டாக்கும் எஃப் பைலஸ் என்ற மெல்லிய இழை இருக்க வேண்டும். வெறும் டிஎன்ஏவாகச் செலுத்தும்போது அது தேவையில்லை. எஃப் இல்லாத டிஎச்5ஆல்ஃபா செல்லும் டிஎன்ஏவை வாங்கிக்கொண்டு பேஜை உண்டாக்கும். ஆனால் வெளிவரும் பேஜ் பக்கத்துச் செல்லுக்குப் பரவினால்தான் பிளேக் உருவாகும். படலத்தில் இருப்பவையும் எஃப் இல்லாத செல்களானால் பேஜுக்குப் போக்கிடமில்லை. தட்டு வெறுமையாக இருக்கும், நீங்களோ டிஎன்ஏ உள்ளேயே போகவில்லை என்று நினைப்பீர்கள். ஃபை எக்ஸ்174 பேஜிலும் இதே கதைதான். அதன் துகள் கே-12 வகை ஈ. கோலையில் ஒட்டாது, சி வகையில்தான் ஒட்டும். வெறும் டிஎன்ஏவோ கே-12க்குள்ளும் போய் வேலை செய்யும். அங்கே பிளேக் பார்க்க வேண்டுமானால் படலத்துக்கு சி வகையை ஊற்ற வேண்டும்.

நம் வேலைக்கு இரண்டுக்கும் ஒரே இனமாக எக்ஸ்எல்1-புளூவை வைத்துக்கொள்ளலாம். அதன் எஃப் பகுதியில் டெட்ராசைக்ளின் எதிர்ப்பு மரபணு இருக்கிறது. டெட்ராசைக்ளின் கலந்த தட்டில் வளர்த்தால் எஃப்பை இழந்த செல்கள் வளராது. ஜேஎம்109 கிடைத்தாலும் நல்லதே. அதை மட்டும் தயமின் சேர்த்த எம்9 குறைந்தபட்ச ஊடகத்தில் பராமரிக்க வேண்டும். அங்கே எஃப்பை இழந்த செல்லுக்கு புரோலின் தயாரிக்க முடியாது, வளராது. காலனி வர ஒன்றரை, இரண்டு நாள் பிடிக்கும். இந்த இரண்டு இனங்களிலும் அந்நிய டிஎன்ஏவை வெட்டும் நொதி முடக்கப்பட்டிருக்கிறது என்பது கூடுதல் வசதி.

எல்.பி. என்ற வளர்ப்பு ஊடகத் தட்டில், டெட்ராசைக்ளின் போன்ற தடை இல்லாமல் பலமுறை மாற்றி மாற்றி வளர்த்த பழைய காலனியை நம்பாதீர்கள். எஃப் எப்போதோ போயிருக்கும்.

தொடங்குவதற்கு முன்

எம்13, லாம்டா போன்ற பேஜ்கள் மனிதரைத் தொற்றுவதில்லை. கே-12 வழிவந்த ஆய்வக ஈ. கோலை இனங்கள் நோய் உண்டாக்காதவை. உயிர்ப்பாதுகாப்பு நிலை 1 ஆய்வகத்தில் செய்யும் வேலை இது. ஆனாலும் மரபணு மாற்றிய பொருளைக் கையாளுகிறோம். உங்கள் நிறுவனத்தின் உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் அனுமதியும் பொறுப்பாளரின் மேற்பார்வையும் இருக்க வேண்டும். கோட்டும் கையுறையும் கட்டாயம். எக்ஸ்-கால் கரைக்கும் டைமெதில்ஃபார்மமைடு தோல் வழியாக உடலுக்குள் போகும். அதைக் கையுறையோடு, புகைக்கூண்டுக்குள் கையாளுங்கள்.

உண்மையான ஆபத்து உங்களுக்கு அல்ல, பக்கத்து மேசையில் இருப்பவரின் கல்ச்சருக்கு. பேஜ் நுண்துளிகளோடு காற்றில் பறக்கும்; 0.22 மைக்ரான் வடிகட்டியையும் கடந்துபோகும். டி1 போன்ற பேஜ்கள் காய்ந்துபோன பிறகும் உயிர்ப்போடு இருக்கும். பேஜ் வேலைக்குத் தனி மேசை, தனி பிப்பெட், வடிகட்டி வைத்த டிப்புகள் என்று முதல் நாளிலேயே ஒதுக்கிக்கொள்ளுங்கள். கம்பீட்டன்ட் செல்லைத் தயாரிக்கும் மேசையில் பேஜ் குப்பியைத் திறக்கவே வேண்டாம். எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை இந்த ஒழுங்கு தளர்ந்துபோய், இரண்டு வாரம் எந்தக் கல்ச்சரும் உருப்படவில்லை. மாலையில் கலங்கலாக விட்டுப்போன குடுவைகள் காலையில் தண்ணீர் போலத் தெளிந்திருந்தன.

செல்களைத் தயாரித்தல்

முந்தைய நாள் மாலை டெட்ராசைக்ளின் தட்டிலிருந்து ஒரே ஒரு காலனியை எடுத்து 5 மி.லி. எல்.பி. திரவத்தில் போட்டு, 37 டிகிரியில் குலுக்கி வளரவிடுங்கள்.

காலையில் அதிலிருந்து 1 மி.லி. எடுத்து 100 மி.லி. புதிய எல்.பி.யில் சேருங்கள். குடுவை 500 மி.லி. கொள்ளளவாவது இருக்கட்டும், காற்று தாராளமாகக் கிடைக்க வேண்டும். 37 டிகிரியில் நன்றாகக் குலுக்குங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகு 20 நிமிடத்துக்கு ஒருமுறை 600 நானோமீட்டரில் ஓ.டி. (கல்ச்சரின் கலங்கல் அளவு) பாருங்கள். 0.35 முதல் 0.4க்குள் வந்ததும் நிறுத்த வேண்டும். எக்ஸ்எல்1-புளூ மெதுவாக வளரும் இனம், மூன்று மணி நேரம் தாண்டினாலும் பதறவேண்டாம். ஆனால் ஓ.டி. 0.6ஐத் தாண்டிவிட்டால் அந்தக் கல்ச்சரை விட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குங்கள். வேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும் இளம் செல்தான் டிஎன்ஏவை நன்றாக வாங்கும். முற்றிய செல் வாங்காது. என் அனுபவத்தில் தோற்றுப்போன தயாரிப்புகளில் பாதிக்கு மேல் இந்த ஓ.டி.யைத் தவறவிட்டவைதான்.

இதே நேரத்தில் இன்னொரு சிறு குழாயில் 5 மி.லி. தனியாக வளர்த்து வையுங்கள். அது படலத்துக்கு.

ஓ.டி. எட்டியதும் குடுவையை ஐஸில் புதைத்து 15 நிமிடம் விடுங்கள். இந்தக் கணத்திலிருந்து எல்லாமே குளிர்ச்சியில்தான் நடக்க வேண்டும்: குழாய், கரைசல், சென்ட்ரிஃபியூஜ், பிப்பெட் முனை கூட. முன்கூட்டியே குளிரவைத்த இரண்டு 50 மி.லி. குழாய்களில் கல்ச்சரைப் பிரித்து ஊற்றி, 4 டிகிரியில் 2,700 ஜி வேகத்தில் 10 நிமிடம் சுழற்றுங்கள். மேல் திரவத்தைக் கவிழ்த்து, வாயோரத்தில் ஒட்டியிருக்கும் கடைசிச் சொட்டையும் தாளில் ஒற்றி எடுங்கள்.

ஒவ்வொரு குழாயிலும் 10 மி.லி. ஐஸ் குளிர்ந்த 100 மில்லிமோலார் கால்சியம் குளோரைடு ஊற்றி, செல் வண்டலை மெதுவாகச் சுழற்றிச் சுழற்றிக் கரையுங்கள். வோர்டெக்ஸ் என்ற அதிர்வுக் கலக்கி கூடாது. கால்சியத்தில் இருக்கும் செல்கள் மிகவும் நொய்ந்துபோனவை. பிப்பெட்டால் வேகமாக உறிஞ்சித் துப்பினாலும் பாதி செத்துவிடும். ஐஸில் 30 நிமிடம். மறுபடியும் அதேபோல் சுழற்றுங்கள். இம்முறை வண்டல் அடியில் குவியாமல் சுவரோரம் வளையமாகப் படிந்தால் அது நல்ல அறிகுறி. கடைசியாக ஒவ்வொரு குழாய்க்கும் 2 மி.லி. அதே கால்சியம் கரைசலில் கரைத்து ஐஸில் வையுங்கள்.

உடனே பயன்படுத்தலாம். ஆனால் 4 டிகிரியில் 12 முதல் 24 மணி நேரம் வைத்திருந்து பயன்படுத்தினால் திறன் பல மடங்கு கூடும். அதற்கு மேல் வைத்தால் இறங்கத் தொடங்கும். அவசரமில்லாதவர்கள் ஒரு இரவு காத்திருங்கள். நீண்ட நாள் சேமிக்க, 15 சதவீதம் கிளிசரால் சேர்த்து, சிறு பங்குகளாகப் பிரித்து மைனஸ் 80 டிகிரியில் வைக்கலாம்.

கண்ணாடிக் குடுவை பற்றி ஒன்று. சோப்பின் எச்சம் துளி இருந்தாலும் செல்களின் ஏற்புத்திறன் விழுந்துவிடும். இந்த வேலைக்கென்று சில குடுவைகளை ஒதுக்கி, சோப்பே போடாமல் தூய நீரில் மட்டும் அலசி ஆட்டோகிளேவ் செய்து வைத்துக்கொள்வது என் வழக்கம்.

கட்டுப்பாட்டுத் தட்டுகள்: இவற்றை முதலில் எழுதுங்கள்

டிஎன்ஏ குழாயைத் திறப்பதற்கு முன் நோட்டில் இந்தப் பட்டியலை எழுதி, தட்டுகளின் அடியில் எண் போட்டுவிடுங்கள். அவசரத்தில் விட்டுப்போவது எப்போதும் கட்டுப்பாட்டுத் தட்டுதான்.

1. படலச் செல்கள் மட்டும். படலம் ஒழுங்காக வளர்கிறதா, அந்தக் கல்ச்சரில் ஏற்கெனவே பேஜ் இருக்கிறதா என்று இது சொல்லும்.

2. கம்பீட்டன்ட் செல்கள், டிஎன்ஏ இல்லாமல். அதே ஐஸ், அதே சூடு. இதில் பிளேக் வந்தால் உங்கள் செல்லோ கரைசலோ மாசுபட்டிருக்கிறது.

3. டிஎன்ஏவும், கால்சியம் காட்டாத சாதாரண செல்லும். என் கண்ணில் மிக முக்கியமான தட்டு இது. பேஜ் கல்ச்சரிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்தெடுக்கும்போது உயிருள்ள சில பேஜ் துகள்களும் கூடவே வந்துவிடலாம். அவற்றுக்குக் கால்சியம் வேண்டாம், சூடும் வேண்டாம். எஃப் பைலஸ் கிடைத்தால் தாமாகவே தொற்றும், நீலப் பிளேக்கும் தரும். நிறத்தை வைத்துப் பிரிக்க முடியாத ஒரே மாசு இது. வெறும் டிஎன்ஏவோ சாதாரண செல்லுக்குள் நுழையாது. இந்தத் தட்டு வெறுமையாக இருந்தால்தான் மற்றத் தட்டின் பிளேக்குகளை டிஎன்ஏவின் கணக்கில் எழுதலாம்.

4. டிஎன்ஏஸ் நொதி போட்ட டிஎன்ஏவும் கம்பீட்டன்ட் செல்லும். மக்னீசியம் உள்ள தாங்கல் கரைசலில் டிஎன்ஏஸ் 1ஐச் சேர்த்து 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்த பிறகு செல்லோடு கலக்குங்கள். வெறும் டிஎன்ஏ சிதைந்துபோகும். புரத உறைக்குள் இருக்கும் டிஎன்ஏவை நொதி தொடாது. மூன்றாம் தட்டு சொல்வதையே வேறொரு வழியில் சொல்லும் சாட்சி இது.

5. ஆம்பிசிலின் எதிர்ப்பு தரும் பியுசி19 பிளாஸ்மிட், ஆம்பிசிலின் தட்டில். பேஜ் தட்டில் ஒன்றும் வரவில்லையென்றால் பழி செல் மீதா, டிஎன்ஏ மீதா என்று தெரிய வேண்டுமே. காலனி வந்தால் செல் நல்லது. இதற்கு மட்டும் சூட்டுக்குப் பிறகு ஆம்பிசிலின் இல்லாத ஊடகத்தில் ஒரு மணி நேரம் வளரவிட்டுப் பிறகு பரப்ப வேண்டும்.

செலுத்தும் நாள்

எல்.பி. தட்டுகளை 37 டிகிரியில் சூடாக்கி, மேற்பரப்பு ஈரம் காய வையுங்கள். 0.7 சதவீத டாப் அகரை (தட்டின் மேல் ஊற்றும் இளகிய அகர்) உருக்கி, குழாய்க்கு 3 மி.லி. வீதம் ஊற்றி 47 டிகிரி சூட்டில் நிறுத்துங்கள். 50ஐத் தாண்டினால் படலச் செல்கள் சாகும். 42க்குக் கீழே போனால் ஊற்றும்போதே கட்டி கட்டும்.

குளிர்ந்த 1.5 மி.லி. குழாயில் 95 மைக்ரோலிட்டர் கம்பீட்டன்ட் செல்கள். அதில் 5 மைக்ரோலிட்டர் டிஎன்ஏ கரைசல். அதற்குள் 1 நானோகிராம் ஆர்.எஃப். டிஎன்ஏ இருக்கட்டும். நிறையக் கொடுத்தால் நிறைய வரும் என்று நினைக்காதீர்கள். ஒரு அளவுக்கு மேல் செல்லால் வாங்க முடியாது, தட்டிலும் எண்ண முடியாது. விரலால் குழாயின் அடியை இரண்டு தட்டு தட்டிக் கலந்து, ஐஸில் 30 நிமிடம் அசைக்காமல் விடுங்கள்.

பிறகு 42 டிகிரி வாட்டர் பாத்தில் சரியாக 45 விநாடி. தடித்த சுவருள்ள பெரிய குழாயானால் 90 விநாடி. வெப்பமானியை நீருக்குள் வைத்துப் பாருங்கள்; கருவியின் முகப்பில் தெரியும் எண்ணை நம்ப வேண்டாம். குலுக்க வேண்டாம். எடுத்ததும் ஐஸில் 2 நிமிடம்.

பிளாஸ்மிட் பழக்கத்தில் ஊறியவர்கள் இங்கே ஒரு தவறு செய்வார்கள்: ஊடகம் ஊற்றி ஒரு மணி நேரம் குலுக்க வைத்துவிடுவார்கள். பேஜுக்கு அது தேவையில்லை, கெடுதலும் கூட. ஆன்டிபயாட்டிக் இல்லாத தட்டில் செல்லுக்கு எதிர்ப்புப் புரதம் தயாரிக்க அவகாசம் வேண்டியதில்லை. திரவத்திலேயே நேரம் கடத்தினால் முதல் பேஜ்கள் வெளியே வந்து பக்கத்துச் செல்களைத் தொற்றிவிடும். ஒரு டிஎன்ஏ மூலக்கூறின் நுழைவு பல பிளேக்குகளாகத் தெரியும்; உங்கள் கணக்கு பொய்யாகிவிடும்.

ஆகவே நேராக டாப் அகருக்குப் போங்கள். ஒரு குழாய் அகரில் லாக்இசட்டை இயங்கச் செய்யும் 100 மில்லிமோலார் ஐபிடிஜி 30 மைக்ரோலிட்டர், 2 சதவீத எக்ஸ்-கால் 40 மைக்ரோலிட்டர், படலச் செல்கள் 200 மைக்ரோலிட்டர், கடைசியாகச் சூடுகாட்டிய செல்கள் 10 மைக்ரோலிட்டர். குழாயை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டிக் கலந்து உடனே தட்டில் ஊற்றிச் சாய்த்துப் பரப்புங்கள். குலுக்கினால் குமிழி வரும், குமிழி மறுநாள் பிளேக் மாதிரியே தெரியும். எல்லாம் சேர்த்து பத்து விநாடிக்குள் முடிய வேண்டும். முதல் சில தட்டுகளை வெறும் அகரில் ஊற்றிப் பழகிவிட்டு வாருங்கள். இன்னொரு தட்டில் மீதியிருக்கும் 90 மைக்ரோலிட்டரையும் ஊற்றுங்கள், திறன் குறைவாக இருந்தால் அது கைகொடுக்கும்.

பத்து நிமிடம் இறுகவிட்டுத் தட்டைக் கவிழ்த்து 37 டிகிரியில் வையுங்கள். எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் நீலம் ஏறியிருக்கும்.

எண்ணுவதும் கணக்கிடுவதும்

தட்டை இருண்ட பின்னணியில் பிடித்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் கட்டுப்பாட்டுத் தட்டுகள், பிறகுதான் மற்றவை. இந்த வரிசையை மாற்றாதீர்கள். நல்ல தட்டை முதலில் பார்த்துவிட்ட கண், மூன்றாம் தட்டின் இரண்டு மங்கல் வட்டத்தைக் குமிழி என்று சொல்லித் தள்ளிவிடும்.

10 மைக்ரோலிட்டர் ஊற்றிய தட்டில் 120 நீலப் பிளேக்குகள் என்று வைத்துக்கொள்வோம். 100 மைக்ரோலிட்டரில் 1 நானோகிராம் இருந்தது; ஊற்றியது பத்தில் ஒரு பங்கு, அதாவது 0.1 நானோகிராம், 0.0001 மைக்ரோகிராம். 120ஐ இதனால் வகுத்தால் ஒரு மைக்ரோகிராமுக்கு 12 லட்சம் பிளேக். கையால் தயாரித்த செல்லுக்கு இது நல்ல எண்.

இன்னொரு கணக்கும் போட்டுப் பாருங்கள். 7,249 இணை நீளமுள்ள டிஎன்ஏவின் 0.1 நானோகிராமில் ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம் மூலக்கூறுகள் இருக்கின்றன. வந்ததோ 120 பிளேக். லட்சத்துக்கு ஒன்றுதான் செல்லுக்குள் போய்ப் பேஜாக வெளிவந்திருக்கிறது. உயிருள்ள பேஜ் துகளோ பெரும்பாலும் ஒன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் பிளேக் தரக்கூடியது. டிஎன்ஏவோடு லட்சத்தில் ஒரு பங்கு உயிர்த்துகள் ஒட்டிக்கொண்டு வந்தால் கூட, உண்மையான பிளேக்குக்குச் சமமாகப் பொய்ப் பிளேக்குகளும் நிற்கும். மூன்றாம் தட்டை ஏன் அவ்வளவு அழுத்திச் சொன்னேன் என்பது இந்த எண்ணில் இருக்கிறது.

வராவிட்டால்

படலம் நன்றாக வளர்ந்திருக்கிறது, பிளேக் இல்லை, பியுசி19 தட்டிலும் காலனி இல்லை: செல் கெட்டது. ஓ.டி., குளிர்ச்சி, சோப்பு மூன்றையும் சரிபாருங்கள்.

பியுசி19 வந்திருக்கிறது, பிளேக் மட்டும் இல்லை: படலச் செல்கள் எஃப்பை இழந்திருக்கலாம். உயிருள்ள எம்13 பேஜ் துளியை அதே படலத்தில் வைத்துப் பாருங்கள். அதுவும் பிளேக் தராவிட்டால் சந்தேகமே இல்லை. தந்தால் டிஎன்ஏவை அகரோஸ் ஜெல்லில் ஓட்டி, சிதைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

படலமே இல்லை, அல்லது திட்டுத்திட்டாக இருக்கிறது: அகர் சூடு அதிகம். பிளேக்குகள் வால் முளைத்து இழுபட்டிருக்கின்றன: தட்டு ஈரமாக இருந்திருக்கிறது. பிளேக் இருக்கிறது, நீலம் இல்லை: மங்கலாக இருந்தால் எக்ஸ்-கால் அல்லது ஐபிடிஜி கெட்டிருக்கலாம், அல்லது லாக்இசட் துண்டு சிதைந்திருக்கலாம்; கண்ணாடி போலத் தெளிந்திருந்தால் வேறு பேஜ் புகுந்திருக்கிறது, அன்றே எல்லாக் கல்ச்சரையும் அழித்துவிட்டு மேசையைக் கழுவுங்கள்.

மின்துடிப்பும் லாம்டாவும்

கால்சியத்துக்குப் பதில் எலக்ட்ரோபொரேஷன், அதாவது மின்துடிப்பால் செலுத்துவது, செய்தால் திறன் நூறு, ஆயிரம் மடங்கு கூடும். செல்களைக் குளிர்ந்த தூய நீரிலும் 10 சதவீத கிளிசராலிலும் பலமுறை கழுவி உப்பை முழுக்க நீக்க வேண்டும். 0.1 செ.மீ. குவெட்டில் சுமார் 1.8 கிலோவோல்ட் கொடுப்பது வழக்கம். டிஎன்ஏ கரைசலில் உப்பு மிச்சமிருந்தால் பொறி வெடித்து செல்கள் கருகும். டிஎன்ஏ துண்டுகளை இணைக்கும் லைகேஸ் வினையிலிருந்து நேராக எடுத்துப் போடுபவர்களுக்கு இது எளிதில் நடக்கும்.

லாம்டாவின் டிஎன்ஏ 48,502 இணை நீளம், நேர்கோட்டு வடிவம். இரு முனைகளிலும் 12 நியூக்ளியோடைடு நீளத்துக்கு ஒன்றோடொன்று பொருந்தும் ஒட்டுமுனைகள் இருப்பதால் செல்லுக்குள் போனதும் வட்டமாகிவிடும். ஆனாலும் அவ்வளவு பெரிய மூலக்கூறைக் கால்சியம் முறையில் உள்ளே தள்ளுவது கடினம். அதனால் லாம்டாவில் வேலை செய்பவர்கள் டிஎன்ஏவைச் சோதனைக் குழாயிலேயே பேஜ் புரதங்களோடு சேர்த்துத் துகளாகக் கட்டி, பிறகு இயல்பான தொற்றின் வழியே அனுப்புகிறார்கள். அப்போது பாக்டீரியாவை மால்டோஸும் மக்னீசியமும் சேர்த்து வளர்க்க வேண்டும். லாம்டா ஒட்டும் ஏற்பி மால்டோஸ் இருந்தால்தான் மிகுதியாக உருவாகும்.

பிளேக்கை எடுத்து உறுதிசெய்தல்

தனித்து நிற்கும் ஒரு நீலப் பிளேக்கின் நடுவே டிப்பைக் குத்தி, அந்த அகர்த் துண்டை 1 மி.லி. எல்.பி.யில் போட்டு ஒரு மணி நேரம் அறை வெப்பத்தில் விடுங்கள். பேஜ் திரவத்துக்குள் கசிந்துவரும். அதிலிருந்து 50 மைக்ரோலிட்டரை, நூறு மடங்கு நீர்த்த 2 மி.லி. எக்ஸ்எல்1-புளூ கல்ச்சரில் சேர்த்து 37 டிகிரியில் ஐந்து மணி நேரம் குலுக்குங்கள். அதைத் தாண்டி இரவு முழுக்க விட்டால், துண்டுகளை இழந்து குட்டையான பேஜ்கள் பெருகத் தொடங்கும். சுழற்றினால் வண்டலில் ஆர்.எஃப். டிஎன்ஏ, மேல் திரவத்தில் ஒற்றை இழை கொண்ட பேஜ். வண்டலிலிருந்து மினிபிரெப் செய்து, ஒரே இடத்தில் வெட்டும் நொதியைப் போட்டு ஜெல்லில் ஓட்டுங்கள். 7.2 கிலோபேஸ் உயரத்தில் ஒற்றைப் பட்டை வர வேண்டும். பக்கத்து வரிசையில் நீங்கள் முதலில் கொடுத்த டிஎன்ஏவையும் அதே நொதியால் வெட்டி ஓட்டுங்கள். இரண்டும் ஒரே உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். மேல் திரவத்தை 4 டிகிரியில் வைத்தால் பல மாதம் கெடாது.

தட்டுகள், டிப்புகள், குழாய்கள் எல்லாவற்றையும் ஆட்டோகிளேவில் 121 டிகிரியில் 30 நிமிடம் வைத்த பிறகே வெளியே போடுங்கள். மேசையைப் புதிதாகக் கலந்த 10 சதவீத பிளீச்சால் துடைத்து, பத்து நிமிடம் ஊறவிட்டு, பிறகு நீரால் துடையுங்கள். எத்தனாலை மட்டும் நம்ப வேண்டாம். பிப்பெட்டின் கைப்பிடியையும், சென்ட்ரிஃபியூஜ் ரோட்டரையும், இன்குபேட்டரின் கதவுப் பிடியையும் சேர்த்துத் துடையுங்கள்.